ஞாயிற்றுக்கிழமை வரும் இஞ்சினியர்கள்: பாடாங் செராய் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அறிவியல் முயற்சி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. வார விடுமுறை வெள்ளியும் சனியும். எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலமான பினாங்குக்குள் போனால் சனியும் ஞாயிறும் விடுமுறை. கணவருக்குப் பினாங்கின் பட்டர்வொர்த்தில் வேலை, மனைவி கெடாவில் ஆசிரியை என்றால் இருவரும் சேர்ந்து வீட்டில் இருப்பது சனிக்கிழமை மட்டும்தான். எல்லோரும் அலுத்துக்கொள்ளும் இந்த ஒரு நாள் வித்தியாசம் பாடாங் செராய் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கைகொடுத்தது. பினாங்கு தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இஞ்சினியர்கள் லீவு போடாமலேயே பள்ளி நேரத்தில் அறிவியல் வகுப்புக்கு வந்து உட்கார முடிந்தது.

அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்துகொண்டு, ஆசிரியர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துவைக்கும் வேலையைச் செய்தவர்களில் நானும் ஒருவன். பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்றுதான் இது. பள்ளியின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

சுற்றிலும் இருப்பவை

இங்குள்ள பல தமிழ்ப்பள்ளிகளைப் போல இதுவும் தோட்டத்தில் பிறந்த பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று பழைய தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தக் காலத்தில் பால்மரக்காடு (ரப்பர் மரங்கள்), லயத்து வீடுகள், தொழிலாளர்களைக் காலையில் கூட்டி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், ஒரு கோயில், ஓர் ஓரத்தில் பள்ளி. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது, குடும்பங்கள் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, போயின. பள்ளி மட்டும் நின்றது, மாணவர் எண்ணிக்கை குறைந்தது. 150க்குக் கீழே மாணவர் இருந்தால் கல்வி அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் கொண்ட பள்ளி. அங்கே ஓர் ஆசிரியர் மூன்று நான்கு பாடம் எடுப்பது சாதாரணம். தமிழ்மொழிக்குப் பயிற்சி பெற்றவர் அறிவியலும் நடத்துவார், மாலையில் திடலில் விசிலும் ஊதுவார்.

இந்தப் பள்ளியைச் சுற்றி அறிவியலுக்குப் பஞ்சமே இல்லை. 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குள்ளேயே ஒரு பாலிடெக்னிக்கும் உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது. பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. இன்டெல் 1972இல் அங்கே வந்ததிலிருந்து நம் ஆட்கள் பலருக்குச் சோறு போட்ட இடம். தோட்டப் பக்கம் போனால் செம்பனை ஆலை. அந்த ஆலையிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களில் இதே வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஐந்தாம் ஆண்டு அறிவியல் ஆசிரியையின் கைப்பேசியில் அவர்களில் ஒருவருடைய எண்கூட இல்லை. இருந்த குறை இவ்வளவுதான். ஆர்வம் இல்லை, நிதி இல்லை, வசதி இல்லை என்றெல்லாம் கூட்டங்களில் பேசுவோம். அவை எல்லாம் இதற்கு அடுத்துதான்.

முகாம்கள்

தன்னார்வலர்கள் அதற்கு முன்பு வரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நிறுவனம் வந்து ஒருநாள் அறிவியல் முகாம் நடத்தியது. தண்ணீர் ராக்கெட், பலூன் கார், டி-சட்டை, பேனர், சாப்பாட்டுப் பொட்டலம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மறுநாள் ஆசிரியை பாட நூலில் விட்ட பக்கத்தில் தொடங்கினார், அந்தப் பக்கம் ராக்கெட்டைப் பற்றியது இல்லை. முகாமுக்காக ஒதுக்கிய நாளில் எடுக்க வேண்டிய பாடத்தையும் அவரே எங்கோ நெருக்கி முடிக்க வேண்டியதாயிற்று.

முகாமே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. அஸ்தி (ASTI) என்ற அறிவியல் அமைப்பு தமிழ்ப்பள்ளிகளுக்கென்று நடத்திவரும் அறிவியல் விழாவால், பிள்ளைகள் தாங்களே கேள்வி எழுப்பிச் சோதனை செய்து பார்க்கும் பழக்கம் பல பள்ளிகளுக்கு வந்தது. எங்கள் ஆசிரியைக்கும் துணிச்சல் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் விழாவுக்குப் போவது ஒரு குழு. ஆண்டு முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருப்பது எல்லாப் பிள்ளைகளும். அந்த வகுப்புக்கு யார் உதவுவது என்பதுதான் எங்கள் கேள்வி.

ஆகவே ஒரு விதி வைத்தோம்: தன்னார்வலர் தனக்குத் தெரிந்ததைக் கொண்டுவர மாட்டார், ஆசிரியர் கேட்டதை மட்டும் கொண்டுவருவார். ஆசிரியர் ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதுவார். எந்த ஆண்டு, எந்தத் தலைப்பு, எந்த வாரம், அறிவியல் அறையில் என்ன பொருள் இருக்கிறது, தனக்கு எங்கே இடிக்கிறது. கடைசி வரிதான் முக்கியம். ஆரம்பத்தில் அந்த வரி காலியாகவே வந்தது. தனக்கு ஒரு பாடத்தில் சந்தேகம் என்று வெளியாளிடம் எழுதிக் கொடுக்க எந்த ஆசிரியருக்குக் கை வரும்? தலைமையாசிரியர் பார்க்கமாட்டார், மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகாது, தன்னார்வலர் ஒருவரிடம் மட்டும் போகும் என்று உறுதியான பிறகுதான் அந்த வரி நிறையத் தொடங்கியது. இரண்டாவது விதி: வகுப்புக்கு முன்பு ஆசிரியரும் தன்னார்வலரும் பிள்ளைகள் இல்லாமல் ஒரு முறை உட்கார வேண்டும். பாதித் தன்னார்வலர்கள் இதைக் கேட்டதும் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தவர்களே போதும் என்று ஆனது.

ஒரு பல்பு எரிந்தது, ஒன்று எரியவில்லை

முதலில் உருப்படியாக நடந்தது ஐந்தாம் ஆண்டு மின்சாரப் பாடம். தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள் ஒரே அளவு மங்கலாக எரியும், இணை இணைப்பில் இரண்டும் பிரகாசமாக எரியும் என்பது பாடம். ஆசிரியை எழுதிய கடைசி வரி: தொடர் இணைப்பில் ஒரு பல்பு எரிகிறது, இன்னொன்று எரியவே இல்லை, இரண்டும் நல்ல பல்புதான், "முதல் பல்பு கரண்டைத் தின்னுட்டுது டீச்சர்" என்கிறார்கள் பிள்ளைகள், என்ன பதில் சொல்வது?

அந்தத் தாள் போனது கூலிம் தொழிற்சாலை ஒன்றின் ஷிஃப்ட் டெக்னீஷியனுக்கு. டிப்ளோமா படித்தவர், பெரிய பதவி ஒன்றும் இல்லை. கையில் ஒரு மல்டிமீட்டருடன் வந்தார், பல்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அடியில் பொறித்திருந்த எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படித்தார். ஒன்று 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். இன்னொன்று 6 வோல்ட், 0.06 ஆம்பியர். பல வருஷமாக வாங்கிச் சேர்த்ததில் இரண்டு வகையும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டன. முதலாவது எரியும்போது அதன் மின்தடை சுமார் 8 ஓம், இரண்டாவதுக்கு 100 ஓம். இரண்டையும் தொடராக மாட்டி 3 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய முழு அழுத்தமும் 100 ஓம் பல்புக்கே போய்விடும். அது மங்கலாக எரியும், மற்றது கறுப்பாகவே கிடக்கும். பாட நூலில் தப்பு இல்லை, ஒரே வகைப் பல்பு என்பது மட்டும் அங்கே சொல்லாமலே விடப்பட்டிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டதும் எல்லோருக்கும் தோன்றுவது, பல்புகளைப் பிரித்து வைத்துவிட்டுப் பாடத்தை ஒழுங்காக நடத்தலாம் என்பது. டெக்னீஷியன் வேறு யோசனை சொன்னார். வேண்டுமென்றே அந்த இரண்டு வேறு பல்புகளையும் மாட்டுங்கள் டீச்சர், பிள்ளைகள் தின்னுட்டுது என்று சொல்லட்டும், அப்புறம் பல்புகளை இடம் மாற்றுங்கள் என்றார். இடம் மாற்றினாலும் எரிந்த பல்புதான் எரிகிறது, அது முதலில் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும். அப்படியென்றால் முதலில் இருக்கும் பல்பு கரண்டைத் தின்கிறது என்பது நிற்காது. ஒன்பது பக்கம் பேசினாலும் விளங்காதது பல்பை இடம் மாற்றிய மாத்திரத்தில் விளங்கியது. வகுப்பை நடத்தியவர் ஆசிரியை. டெக்னீஷியன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, கழன்ற ஒயரை மட்டும் மாட்டிக் கொடுத்தார்.

மின்னோட்டம் வழியில் செலவாகிவிடுகிறது என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பிள்ளைகளிடம் இருப்பது, ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிற ஒன்று. ஆசிரியைக்கும் அது தெரிந்ததுதான். அவருக்குத் தெரியாமல் இருந்தது பல்பின் அடியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்பது. டெக்னீஷியனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு எதில் குழப்பம் வரும் என்பது அவருக்குத் தெரியாது. இந்த இரண்டு அறிவும் அதுவரை ஒரே மேசைக்கு வந்ததில்லை. அந்த வட்டாரத்தில் எங்கள் முயற்சி எதற்குப் பயன்பட்டது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பல்புக் கதையைத்தான் சொல்வேன், பின்னால் வரும் ஆலைக் கதையை அல்ல.

பால் வெட்டியவரும் ஒரு வல்லுநர்

மூன்றாம் ஆண்டில் அமிலம், காரம் வருகிறது. லிட்மஸ் தாள், எலுமிச்சைச் சாறு, சவர்க்காரத் தண்ணீர் என்று வழக்கமாக நடத்துவார்கள். ஆசிரியை கேட்டது, இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று. தன்னார்வலர் பட்டியலில் வேதியியல் படித்தவர் அப்போது இல்லை. பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் பாட்டி இருந்தார். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இன்னும் உறவுக்காரரின் சிறு தோட்டத்தில் காலையில் கத்தி எடுக்கிறவர்.

மரத்தில் இருந்து வடிகிற பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அப்படியே வைத்தால் சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கி, பால் தானாக உறைந்து மங்கிலேயே (மரத்தில் கட்டிய கிண்ணத்திலேயே) கட்டிப்பால் ஆகிவிடும். உறையாமல் வைக்க அம்மோனியா சொட்டு விடுவார்கள், உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் கலப்பார்கள். இது முழுக்க முழுக்க அமிலமும் காரமும்தான். பாட்டி அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை, "மருந்து" என்றுதான் சொன்னார், ஆனால் எவ்வளவு ஊற்றினால் எவ்வளவு நேரத்தில் பிடிக்கும் என்று கச்சிதமாகத் தெரியும். விடியும் முன்பே ஏன் வெட்டப் போகிறீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்றார். மரத்துக்குள் நீரழுத்தம் விடியற்காலையில் அதிகம், வெயிலில் இலை வழியே நீர் போகப் போக அழுத்தம் குறைந்து பால் மந்தமாகும் என்று ஆசிரியை அதைத் தொடர்ந்தார்.

ஃபார்மிக் அமிலத்தைப் பள்ளிக்குள் விடவில்லை. அது தோலை எரிக்கும். அதற்குப் பதில் வினிகர். அம்மோனியா சேர்த்த பாலில் சிவப்பு லிட்மஸ் நீலமானது. வினிகர் ஊற்ற ஊற்ற நீலம் சிவப்பாகி, பால் திரண்டு கட்டியானது. ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும், ஆகவே முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டு வைத்தோம், பாலைத் தொட்டதும் ஆசிரியை மட்டும்தான். மேசையைத் துடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதைச் செய்யப் போகிறவர்கள் பழைய நாளிதழ் நிறைய விரித்துக்கொள்ளுங்கள்.

அறிவியல் தன்னார்வலர் என்றால் பட்டம் வாங்கியவர் என்று நினைத்திருந்தோமானால் அந்தப் பாட்டி பட்டியலிலேயே வந்திருக்க மாட்டார். பின்னால் எய்ம்ஸ்ட் மாணவி ஒருவர் வந்து, உறைதல் ஏன் நடக்கிறது என்பதை ஆசிரியைக்கு இன்னும் கொஞ்சம் விளக்கினார். ரப்பர் துகள்களைச் சுற்றியிருக்கும் புரதத்தின் மின்னூட்டம் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்கி வைக்கிறது, அமிலம் அந்த மின்னூட்டத்தைப் போக்கியதும் அவை ஒட்டிக்கொள்கின்றன. இது மூன்றாம் ஆண்டுக்குத் தேவையில்லை. ஆசிரியைக்குத் தேவை. கேள்வி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தடுமாறாமல் நிற்க அது உதவும்.

ஆலை

செம்பனை ஆலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே ஆசை. நடக்கவில்லை. கொதிகலன், நீராவிக் குழாய், எண்ணெய் வழுக்கும் தரை, பாதுகாப்பு விதி எதுவும் இளம் பிள்ளைகளுக்கு இடம் தரவில்லை. யோசித்துப் பார்த்தால் ஆலை நிர்வாகம் சொன்னது நியாயம்தான். ஸ்டீம் டிக்கெட் (கொதிகலனை நடத்துவதற்கான தகுதிச் சான்றிதழ்) வைத்திருக்கும் உதவி இஞ்சினியர் ஒருவர் பள்ளிக்கு வர ஒப்புக்கொண்டார். உதிரிப் பழம், கொட்டை, நார், ஓடு எல்லாம் ஒரு வாளியில் கொண்டுவந்தார். கூடவே நிறைய ஸ்லைடுகள். முன்கூட்டிய சந்திப்பில் ஆசிரியை ஸ்லைடுகளை எல்லாம் வெட்டிவிட்டார். மனுஷனுக்கு வருத்தம்தான்.

வகுப்பில் அவர் பேசியது ஒரே விஷயம், வெப்பம். குலையை வெட்டியதும் பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கிவிடும், அதனால்தான் லாரிகள் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு ஓடுகின்றன. ஆலையில் முதல் வேலை குலைகளை நீராவியில் வேகவைப்பது, சுமார் 3 பார் அழுத்தத்தில், 140 டிகிரி செல்சியஸ் அளவில். அந்தச் சூட்டில் நொதி செத்துப்போகும், பழமும் குலையிலிருந்து கழன்றுகொள்ளும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்றுதானே படித்தோம், 140 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வீட்டு பிரஷர் குக்கரைக் காட்டினார், அதற்குள்ளே சுமார் 120 டிகிரி. அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். அன்று பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் பாதி, குக்கர் வெடிக்குமா என்பதுதான். அதற்கும் அவர் பாதுகாப்பு வால்வைக் கழற்றிக் காட்டிப் பதில் சொன்னார், அடுத்த வார வகுப்பு அதிலிருந்தே தொடங்கியது.

நாளும் நேரமும் கடிதமும்

பினாங்கு இஞ்சினியர்களுக்கு ஞாயிறு. கூலிம் டெக்னீஷியன்களுக்கு வேறு கணக்கு: பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு வார நடுவில் தொடர்ந்து ஓய்வு நாள் விழும். அலுவலக நேரத்தில் வேலை பார்க்கும் மேலாளரைப் பிடிப்பதைவிட அவர்களைப் பிடிப்பது எளிது. மேல்பதவிக்காரரை அழைத்தால்தான் பள்ளிக்குப் பெருமை என்று சங்கத்தில் சிலர் வாதாடினார்கள். வர முடிகிறவர்தான் தன்னார்வலர், வேறென்ன சொல்வது. ஒன்று மட்டும் கவனம்: இரவு ஷிஃப்ட் முடித்த காலையில் யாரையும் வரச் சொல்லக் கூடாது. அவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள், வண்டி ஓட்டித் திரும்பிப் போக வேண்டுமே.

தலைமையாசிரியரின் அழைப்புக் கடிதம் ஒவ்வொருவருக்கும் உண்டு. சிலருக்கு அந்தக் கடிதத்தை வைத்து வேலையிடத்தில் தன்னார்வ நேரமாகக் கணக்குக் காட்ட முடிந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இல்லை. தன்னார்வலர் எந்தப் பிள்ளையுடனும் தனியாக இருக்கக் கூடாது, ஆசிரியர் எப்போதும் அறைக்குள் இருக்க வேண்டும், பிள்ளைகளின் கைப்பேசி எண் வாங்கக் கூடாது, படம் எடுத்துப் போடக் கூடாது. 2017இல் சிறார் பாலியல் குற்றச் சட்டம் வந்த பிறகும் இதையெல்லாம் சொல்வதற்குக் கூச்சப்படும் பள்ளிகள் உண்டு. முதல் நாளே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் கூச்சமும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. படம் எடுக்க முடியாது என்றதும் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவு ஆர்வம் இழந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

செலவு பெரிதாக இல்லை. பல்பு, ஒயர், பேட்டரி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர், பெட்ரோலுக்குக் கொஞ்சம் வெள்ளி. டெக்னீஷியன் ஒரு தடவைகூடப் பெட்ரோல் காசு வாங்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டாயம் கொடுத்தோம்.

கைகூடாதவை

இடைநிலைப்பள்ளிக்குப் போன முன்னாள் மாணவர்களுக்கு இணையம் வழியாக வழிகாட்டிகளைச் சேர்த்துவைக்கப் பார்த்தோம். படிவம் 4இல் அறிவியல் பாடங்களை எடுப்பதா, தொழிற்கல்விக்குப் போவதா என்று முடிவெடுக்கும் வயது அது, உண்மையில் தேவை அங்கேதான் அதிகம். சில மாதங்களில் பேச்சு நின்றுவிட்டது. மின்சாரப் பாடத்தில் ஓர் ஆசிரியையும் ஒரு தாளும் நடுவில் இருந்தார்கள். இங்கே வழிகாட்டியும் பதினாறு வயதுப் பிள்ளையும் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேச விஷயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆசிரியர் இல்லாமல் இது ஓடாது என்பது என் முடிவு. அதற்கு இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் சேர வேண்டும், இன்னும் யாரும் சேரவில்லை.

பல்கலைக்கழக மாணவர்கள் துடிப்பானவர்கள், ஆனால் தேர்வு வந்தால் காணாமல் போவார்கள், படிப்பு முடிந்தால் ஒரேயடியாகப் போவார்கள். அவர்களைப் பாடத் தயாரிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழிப் பாடத் திட்டத்தில் இந்தப் பள்ளி இல்லை, தமிழில்தான் நடத்துகிறது. 2016இலிருந்து ஓடும் அந்த விவாதத்துக்குள் நான் இங்கே போகப்போவதில்லை. ஆனால் எந்த மொழியில் நடத்தினாலும் அந்த டப்பாவில் இரண்டு வகைப் பல்பும் கலந்துதான் கிடந்திருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, ஆசிரியையின் இடமாற்றம். எங்கள் முயற்சியில் பாதி அவர் தலையில்தான் இருந்தது. போவதற்கு முன்பு ஒரு நோட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் யார் வந்தார்கள், என்ன பொருள் வேண்டியிருந்தது, பிள்ளைகள் எங்கே இடறினார்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். புதிதாக வந்த ஆசிரியர் இளைஞர், கணினியில் கெட்டிக்காரர், மற்றவரிடம் கேட்பதில் சங்கோஜி. முதல் பருவம் முழுக்க அவரிடமிருந்து ஒரு தாளும் வரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. டெக்னீஷியன் ஓய்வு நாளில் பள்ளிக்கு வந்து, நோட்டில் எழுதியிருந்தபடி பல்புகளை இரண்டு டப்பாக்களில் பிரித்து, மேலே வோல்ட் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். போன வாரம் புதிய ஆசிரியரிடமிருந்து முதல் தாள் வந்திருக்கிறது. ஆறாம் ஆண்டு, கட்டமைப்புகளின் உறுதியும் நிலைத்தன்மையும். கடைசி வரியில் எழுதியிருக்கிறார்: ஐஸ்கிரீம் குச்சிப் பாலம் எப்போதும் நடுவில் உடையாமல் ஓரத்தில் ஏன் உடைகிறது? சிவில் இஞ்சினியர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருப்பவராக.